யானையைப் பத்தால் வகுத்தால்

மார்ச் 4

கணக்கு உலகின் பேரரசியும், என் அக்கா பெற்ற ஒற்றை ரத்தினமும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தீராத நடுக்கமுமாகிய மருமகளுக்கு,

உன் மாமா நலம். உன் அத்தை என்னைவிட நலம். என்னைத் திட்டும் குரலில் இந்த வருடம் ஒரு புதுச் சுருதி சேர்ந்திருக்கிறது. நீ நலமா? அக்காவின் முட்டி இன்னும் மழையை முன்கூட்டியே அறிவிக்கிறதா, இல்லை ஓய்வு பெற்றுவிட்டதா?

ஓய்வு என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு இந்தச் சலவை ஆலையின் பாய்லர் அரியணையிலிருந்து இறங்குகிறேன். அதற்கு மறுநாள் முதல் இந்த நகரத்து ஓட்டல்களில் விரிப்புகள் வெளுக்காமல், விருந்தாளிகள் நின்றுகொண்டே தூங்கப் போகிறார்கள். அது அவர்கள் பாடு. என் பாடு வேறு.

எங்கள் வெல்டரை உனக்கு நினைவிருக்கும். உன்னைச் சின்ன வயதில் ஒற்றைக் கையால் பரண்மேல் ஏற்றிவிட்டு இறக்க மறந்து போனானே, அவன்தான். போன வருடம் ஓய்வு பெற்றான். உடனே மருத்துவக் காப்பீடு ஒன்று எடுத்தான். ஐந்தாம் மாதம் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரிக்காரன் பில்லை நீட்ட, இவன் காப்பீட்டு அட்டையை நீட்ட, கம்பெனிக்காரன் ஒரு சீட்டை நீட்டினான். காப்பீடு எடுப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் தெருமுனை டாக்டரிடம் வயிற்றுவலி என்று போயிருக்கிறான். அவர் உள்ளங்கை அகலச் சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "இது பழைய நோய், கிடையாது" என்றுவிட்டார்கள். வெல்டரும் அவன் வீட்டுக்காரியும் இப்போது மகள் வீட்டுக் கூடத்தில் சோபாவை இழுத்துப் போட்டுப் படுக்கிறார்கள். வீடு போய்விட்டது. ஒரு தேதி, மருமகளே! இரும்பை உருக்குகிறவனை ஒரு தேதி உருக்கிவிட்டது.

ஆகவே எனக்கும் உன் அத்தைக்கும் ஏற்ற காப்பீடு எதுவென்று நீ பார்த்துச் சொல்லவேண்டும். ஆலை வாசலில் ஒருவன் கொடுத்த விளம்பரத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் அடியிலுள்ள எழுத்துகளை எறும்புகள் படிப்பதற்காக அச்சடித்திருக்கிறார்கள்.

டெலிபோனில் கேட்டிருக்கலாமே என்பாய். வீட்டில் இருந்த போன் எனக்குக் கேட்கவில்லை, உன் அத்தைக்குப் பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டோம். முப்பத்தாறு வருட நீராவிச் சீழ்க்கை என் காதை வாங்கிக்கொண்டது. கண் இன்னும் என்னுடையதுதான். எழுது.

மற்றபடி விசேஷம் ஒன்றுதான். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு வளர்கிறது. முன்பு எழுபத்திரண்டு படி. யாரோ நாள்தோறும் நடுவில் ஒன்று செருகுகிறார்கள். மூன்றாவது மாடியை நெருங்கும்போது ஒரு யானை வந்து நெஞ்சில் உட்காருகிறது. வணக்கம் சொல்கிறேன், எழுந்து போய்விடுகிறது. மரியாதை தெரிந்த யானை.

இப்படிக்கு,
ஏழு வால்வுகளின் அதிபதி, நீராவிச் சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டி நேற்று மழை வரும் என்றது, வெயில் கொளுத்தியது. உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல, "உன் மாமா சொன்னதைப் பத்தால வகுத்துக்கடி" என்றாள். வகுத்துவிட்டோம். யானையைப் பத்தால் வகுத்தால் ஒரு கன்றுக்குட்டி வருகிறது. வயசான ஆள் படியேறினால் கன்றுக்குட்டி வரத்தான் செய்யும். கொஞ்சம் மெதுவாக ஏறுங்கள்.

விளம்பரத் தாளைப் படித்தேன். அது போதாதென்று வேறு மூன்று கம்பெனிகளின் கையேடுகளையும் வாங்கி, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நீங்கள் இருவரும் ஒரே காப்பீட்டில் சேரலாம். உங்கள் வயசுக்கு அதுதான் சரி. எல்லாவற்றிலும் இரண்டு நிபந்தனைகள் மட்டும் மாறாமல் இருக்கின்றன. ஒன்று, பத்திரம் கொடுத்த தேதியிலிருந்து முதல் முப்பது நாள் எந்த நோய்க்கும் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் உண்டு. இரண்டு, முன்பே இருக்கிற நோய் என்றால் மூன்று வருடம் காத்திருக்கவேண்டும். வெல்டர் மாமா மாட்டிக்கொண்டது இதில்தான்.

ஆகவே உங்களுக்கும் அத்தைக்கும் என்னென்ன நோய் இருக்கிறது, எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். விளையாட்டு வேண்டாம், மாமா. படிவத்தை நான் நிரப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 20

சிவப்புப் பேனாவின் தலைவிக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன். வகுத்தாலும் மீதி இருக்கும். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

நோயா? எனக்கா? நான் தும்மினால் பக்கத்துத் தெருவில் கதவு சாத்திக்கொள்ளும். அது நோயல்ல, வல்லமை. கடைசியாக டாக்டரைப் பார்த்தது பிறந்த அன்று. அன்றும் அவர்தான் பயந்தார். உன் அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் உண்டு. நாலு வருடமாக மாத்திரை. அதை ஒளிக்காமல் எழுது. அவளுடைய சீட்டுகள் எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, தேதியோடு. மாத்திரைப் பெயர்களை எடுத்தெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்கு 'இல்லை' என்று போடு. எல்லாக் கட்டத்திலும்.

இனி, பொது அறிவுக்காக இரண்டு கேள்வி. பாய்லர் ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. ஒன்று: ஒரு மனிதனுக்கு ஏதோ ஒரு சங்கடம் இருக்கிறது, ஆனால் எந்த டாக்டரும் அதைத் தாளில் எழுதவில்லை என்றால், அது இருப்பதாகக் கணக்கா, இல்லாததாகக் கணக்கா? இரண்டு: அந்த முப்பது நாள் என்பது நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தா, அவர்கள் முத்திரை குத்திய நாளிலிருந்தா? முப்பதாவது நாள் சேர்த்தியா, நீங்கலா?

சும்மாதான் கேட்டேன். கணக்கு டீச்சரை மடக்க ஆசை.

படிக்கட்டு வளர்வதை நிறுத்தவில்லை. குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுக்கலாமென்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீராவிச் சக்கரவர்த்தி, மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். தேர்வு வேலை, கை ஒடிகிறது. அத்தையின் மாத்திரைப் பெயர்களை அனுப்பியதற்கு நன்றி.

படிவம் இத்துடன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், பதினாலாம் கேள்வியைத் தவிர. 'கடந்த இரண்டு ஆண்டுகளில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஏதேனும் உண்டா? டாக்டரைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் குறிப்பிடவும்.' இதில் டிக் போடவேண்டியது நீங்கள்தான். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது: தாளில் எழுதாவிட்டாலும் இருக்கிறதுதான். தெரிந்தே மறைத்தால் பின்னால் எல்லாவற்றையும் ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவதற்குப் பதில்: பத்திரத்தில் போட்ட தேதியிலிருந்து முப்பது நாள், கடைசி நாளும் சேர்த்தி.

ஆனால் மாமா, முப்பதாவது நாள் சேர்த்தியா என்று யாரும் சும்மா கேட்பதில்லை. என் வகுப்பில் தேர்வுத் தாளின் கடைசி வரியைக் குறிப்பாகக் கேட்கிற பையன் எப்போதும் எதையோ படிக்காமல் விட்டவன்.

அந்த யானை இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 24

மருமகளுக்கு,

நலம். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆலையில் வேலை. பாய்லருக்கு வருடாந்திரச் சோதனை. அதிகாரி வந்து, அதன் வயிற்றைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு நான் கொஞ்ச நேரம் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு நேரே கம்பெனிக்கே அனுப்பிவிட்டேன். பதினாலில் 'இல்லை'. பத்திரம் இன்று கைக்கு வந்துவிட்டது. தேதி ஏப்ரல் 20. ஆக மே 20. அதற்கு மறுநாள் முதல் உன் மாமா உலகத்தில் எந்த நோயையும் கூப்பிட்டு உட்காரவைத்து விருந்து போடலாம். அதுவரை எல்லா நோயும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கட்டும்.

யானையைக் கேட்டிருந்தாய். குடும்பத்தோடு வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு குட்டி என் இடது தோளில் ஏறித் தொங்குகிறது. இதையும் பத்தால் வகுத்துக்கொள்.

அக்காவிடம் இதெல்லாம் படித்துக் காட்டவேண்டாம். அவளுக்கு வகுக்கத் தெரியும், ஆனால் முட்டி வலியில் மறந்துவிடுவாள்.

உறையை ஒட்டி அஞ்சலில் போடும் வேலையை உன் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். கீழே இறங்கி மறுபடி ஏறவேண்டுமே.

உன் மாமா
(சக்கரவர்த்தி இன்று விடுப்பு)


(அதே உறைக்குள், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலில்)

கண்ணு, இது அத்தை. நான் எழுதினது மாமாவுக்குத் தெரியாது. தினமும் மூணாவது மாடித் திருப்பத்தில் நிற்கிறார். ஐந்து நிமிஷம், சில நாள் அதுக்கு மேல. கேட்டால், "காட்சி நல்லாருக்குடி, பாத்துட்டு வரேன், நீ போ" என்கிறார். அந்தத் திருப்பத்தில் சன்னலே கிடையாது. வெறும் சுவர். உடம்பு நலமா? அக்காவைக் கேட்டதாகச் சொல்லு.


ஏப்ரல் 29

மாமா,

நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

எனக்கு ஒன்று தெரியவந்திருக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள். உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்த முறை வகுக்காமல் படித்தேன். மார்ச்சில் ஒரு யானை. ஏப்ரலில் அதன் குட்டி, அதுவும் இடது தோளில். மாமா, இது நாங்கள் சிரித்த யானையா? நீங்கள் உண்மையைத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்களா, நாங்கள்தான் கழித்துக்கொண்டிருந்தோமா?

சின்ன வயதில் உங்கள் பாய்லர் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். மணிக்கு ஒரு வரி. மணி, அழுத்தம், நீர்மட்டம், கையெழுத்து. "ஊர்ல எல்லார்கிட்டயும் புளுகுவேன், இந்தப் புத்தகத்துகிட்ட மட்டும் புளுக மாட்டேன். புளுகினா வெடிச்சிடும்" என்றீர்கள். அது போல எனக்கு எழுதுங்கள். தேதி, படி, எத்தனை நிமிஷம். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் வகுக்கமாட்டேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். காப்பீடு எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

உங்கள் மருமகள்


மே 9

மாமா,

பத்து நாளாகப் பதில் இல்லை. அஞ்சல்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று உங்கள் ஆலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். "பாய்லர்காரரா? உள்ள இருக்கார்மா, இங்கேருந்து கத்தினா கேக்காது" என்றார். எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்த்துச் சொல்லும்படி கெஞ்சினேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். காத்திருந்தேன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, "எழுபது பவுண்டு அழுத்தத்துல நல்லா ஓடிட்டு இருக்குன்னு சொல்லச் சொன்னார்" என்றார்.

நான் பாய்லரைக் கேட்கவில்லை, மாமா.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். கேட்டதற்குத் தேர்வுத் தாள் என்றேன். நானும் உங்களைப் போலவே ஆகிவிட்டேன்.

எழுதுங்கள்.


மே 11

மருமகளுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. நீயும் அக்காவும் நலமாக இருக்கவேண்டும். நீ கேட்டபடி எழுதுகிறேன்.

பிப்ரவரி 9. படி 60. நெஞ்சு நடுவில் அழுத்தம். 1 நிமிடம்.
மார்ச் 2. படி 54. 2 நிமிடம்.
ஏப்ரல் 6. படி 45. 4 நிமிடம். இடது கை கனம்.
ஏப்ரல் 22. படி 45. 5 நிமிடம். வியர்வை.
மே 3. படி 31. 7 நிமிடம்.
மே 8. படி இல்லை. பாய்லர் ரூம், நாற்காலியில். எதையும் தூக்கவில்லை. 11 நிமிடம். கிளார்க் வந்து ஏதோ கேட்டது இந்த நேரத்தில்தான். பாய்லரைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன்.
மே 10. காலை, சட்டை மாட்டும்போது. 9 நிமிடம்.

இன்னும் ஒன்பது நாள். மே 21 அன்று காலையில் புதிதாக வலி வந்தது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். அதற்கு முன்னால் போனால் சீட்டில் தேதி விழும். வெல்டர் வீட்டில் அந்த சோபாவைப் பார்த்தேன். அவன் வீட்டுக்காரி விருந்தாளி போல ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உன் அத்தை அப்படி உட்காரக் கூடாது. அவளுக்கு இருப்பது இந்த நாலாவது மாடி வீடு ஒன்றுதான்.

பாய்லர் முள் சிவப்பைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, நெருப்பைக் குறைக்கவேண்டும் என்று எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது என் பாய்லராக இருந்தால் ஏப்ரலிலேயே நிறுத்தியிருப்பேன். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அத்தையிடம் சொல்லாதே.

மாமா


மே 14, பகல் பன்னிரண்டு மணி, பஸ் நிலையம்

மாமா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு எப்போது வரும், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன். பஸ் ஒரு மணிக்கு. போய்ச் சேர நாளை மறுநாள் ஆகும். கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. அதில் ஒரு யானைகூட இல்லை. கடைசியில் பட்டம் இல்லாமல் 'மாமா' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்புக்குப் போகவில்லை. கையேடு வாங்கின காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். கவுன்ட்டரில், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா. எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் பதினாலில் 'இல்லை' போட்டதையும் சேர்த்து. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்தார். மே 8 வரியில் விரலை வைத்தார்.

"இவர் இப்போ வேலையில இருக்காரா, ரிட்டயர் ஆயிட்டாரா?"

"ஜூன் முப்பது வரைக்கும் வேலைதான்."

"பெரிய ஆலையா?"

"இருநூறு பேர்."

"அப்போ ஆலையே எல்லாருக்கும் சேத்து ஒரு காப்பீடு எடுத்திருக்குமேம்மா! அதுல ஒரு கார்டு குடுத்திருப்பாங்களே. அதைக் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை, மாமா. நாலு கையேடு படித்தேன், சிவப்பில் கோடு போட்டேன், முப்பது நாள், மூன்று வருடம் என்று உங்களுக்குப் பாடம் நடத்தினேன். இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை.

அவர் தன் மேசைப் போனையே என் பக்கம் தள்ளினார். உங்கள் ஆலை மேனேஜரம்மாவைப் பிடித்தேன். "இருக்கே! பதினோரு வருஷமா இருக்கு. அவரும் உண்டு, அவர் சம்சாரமும் உண்டு. முதல் நாள்லேருந்தே எல்லா நோயும் சேத்தி, பழசு புதுசுன்னு பேச்சே இல்ல. அவர் ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லையே" என்றார். "இப்ப கேக்கறேன். பாய்லர் ரூமுக்குப் போய் அவரைக் கார்ல ஏத்துங்க. பாய்லர் நல்லா ஓடுதுன்னு சொல்வார், நம்பாதீங்க" என்றேன். போனை வைக்கக்கூட இல்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு நாலு தடவை போன் செய்துவிட்டேன். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்கிறார் கிளார்க். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் பொய் டிக் போட்டு வாங்கிய பத்திரத்தை, கைக்கு வந்து முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், ரத்தாகிவிடும். ஆலைக் காப்பீட்டை, ஜூன் முப்பதுக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் உங்கள் சொந்தக் காப்பீடாக மாற்றித் தருவார்களாம். பதினோரு வருடமும் கணக்கில் சேரும். மறுபடி காத்திருக்க வேண்டாம். ஒரே நிபந்தனை, உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். சரியான காப்பீடு உங்கள் பையிலேயே இருந்திருக்கிறது, மாமா. நான் உங்களை வேறு வாசலில் கொண்டுபோய் நிற்கவைத்து, உள்ளே விடாதே என்று காவலும் போட்டேன்.

நான் வரும்போது ஏதாவது புளுகுங்கள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்


ஜூன் 8

முப்பத்தாறு மணி நேரப் பஸ் பயணத்தை முறியடித்த வீராங்கனையும், ஆஸ்பத்திரி வார்டில் என்னைக் கண்டதும் நலம்கூட விசாரிக்காமல் நாற்பது நிமிடம் திட்டித் தீர்த்தவளுமாகிய மருமகளுக்கு,

நலம். நம்பலாம். இரத்தக் குழாயில் இரண்டு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். நான் வேகமாகத் திரும்பினால் சங்கீதம் கேட்கிறது என்று அடுத்த கட்டில்காரர் சொன்னார். உன் அத்தை நலம். அக்காவிடம் கடைசியில் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்பது, நேற்று வந்த அவளுடைய எட்டுப் பக்கக் கடிதத்தில் தெரிந்தது. அதை நான் பத்தால் வகுத்தும் நெருப்பு அணையவில்லை.

ஆஸ்பத்திரி பில்லை ஆலைக் காப்பீடே பார்த்துக்கொண்டது. நான் ஒரு கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். அந்தக் கார்டு எங்கே இருந்தது தெரியுமா? பாய்லர் ரூமில் என் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. பதினோரு வருடமாகக் கார்டை அதன் அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். மே 8 அன்று வலியோடு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது, அது என் பாதத்திலிருந்து இரண்டடி தூரத்தில் கிடந்திருக்கிறது. இதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

பழைய பத்திரம் திரும்பிப் போய்விட்டது. புதுப் படிவம் நேற்று மேனேஜரம்மா கையில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. இதிலும் நெஞ்சுவலிக் கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்று டிக் போட்டேன். விவரம் எழுத அரை விரல் இடம்தான் விட்டிருந்தார்கள். மே 11 அன்று உனக்கு எழுதியதை நகல் எடுத்து ஒட்டிவிட்டேன். சந்தா கொஞ்சம் கூடுமாம். கூடட்டும். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை ஒரே காப்பீடு, சோபா இல்லாமல்.

வீட்டை முதல் மாடிக்கு மாற்றச் சொல்லி உன் அத்தை நச்சரிக்கிறாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு சன்னல் வைக்கச் சொல்லி சங்கத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தாராளமாக வகுத்துக்கொள். ஒரு வரியை மட்டும் வகுக்காதே: நான் காத்திருந்த அந்த நாள்களில் ஒவ்வொரு காலையும் சட்டையை எடுக்கும்போது, மாலையில் இதை நானே கழற்றுவேனா என்று கேட்டுக்கொண்டேன்.

மேனேஜரம்மா அவசரத்தில் கார்டோடு சேர்த்து என் பாய்லர் புத்தகத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்திருக்கிறார். நேற்று அதைப் புரட்டியபோது மே 14 தேதியில் என் கையெழுத்தில் இல்லாமல் உன் அத்தையின் பென்சிலில் ஒரு பக்கம் இருந்தது. நீ பஸ் நிலையத்திலும் பஸ்ஸிலும் இருந்த நேரம். உன்னிடம் இருக்கட்டும் என்று கிழித்து அனுப்புகிறேன். முப்பத்தாறு வருடத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து நான் கிழித்த முதல் பக்கம் இதுதான்.

இப்படிக்கு,
இரண்டு ஸ்பிரிங்குகளின் அதிபதி, மறுபடியும் முடிசூட்டப்பட்ட நீராவிச் சக்கரவர்த்தி,
உன் மாமா


(கோடு போட்ட தாள், பென்சில்)

மணி 10.05. ஆஸ்பத்திரி. மேனேஜரம்மா, நான் (வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டார்), அவர்.
10.15. கார்டு எங்கே என்றார்கள். ஸ்டூல் காலடியில் என்றார். மேனேஜரம்மா திரும்ப ஓடினார்.
10.40. டாக்டர், இப்பவே செய்யவேண்டும் என்றார். நாளைவரை தாங்காது என்றார்.
11.20. உள்ளே கொண்டுபோனார்கள். அவரிடமிருந்து ஒரு கேலிகூட இல்லை.
12.00. கதவு திறக்கவில்லை.
1.00. கதவு திறக்கவில்லை.
1.25. ஒரு நர்ஸ் ஓடி வந்தாள், எதையோ எடுத்துக்கொண்டு ஓடினாள். என்னைப் பார்க்கவில்லை.
2.15. டாக்டர் வந்தார். இரண்டு இடத்தில் அடைப்பு. எடுத்தாயிற்று என்றார்.
3.00. தூக்கம். மூச்சு இருக்கிறது. எண்ணினேன்.
4.10. கண் திறந்தார். வலிக்குதா என்று கேட்டேன். "ஆயிரம் யானைடி. அதுல பாதி கர்ப்பம்" என்றார்.
4.11. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.